கதைப்பாட்டில் யார் கை வைத்தது?

கேள்வி இதுதான்: "தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முழுக்கதையைச் சொல்லிவிடும் பாட்டுகள் இங்கிலீஷில் எக்கச்சக்கம். தமிழில் அப்படி உண்டா? சினிமாப் பாட்டுக்கு வெளியே ஏதாவது? அந்தக் கதைகள் எல்லாம் நிஜமாக நடந்தவையா?"

உண்டு, நிறையவே உண்டு. நம் ஊரில் கதை சொன்ன பாட்டுகள் பெரும்பாலும் சினிமாவுக்கு வெளியே இருந்தவைதான். சினிமாவில் கதை சொல்லப் படமே இருக்கிறது. பாட்டுக்கு அந்த வேலை மிச்சமில்லை. இயக்குநர் சூழலைச் சொல்லுவார், கவிஞர் அந்த நாலைந்து நிமிஷத்துக்கு மட்டும் எழுதுவார். வில்லுப்பாட்டுக்காரருக்கும் தெருவில் சிந்து பாடி விற்றவருக்கும் அந்த வசதி கிடையாது. யார், எந்த ஊர், யாருக்கும் யாருக்கும் என்ன தகராறு என்று எல்லாவற்றையும் பாட்டுதான் சுமக்க வேண்டும்.

நடந்ததா என்ற கேள்விக்கு: ஏதோ ஒன்று நடந்திருக்கும். ஆனால் எனக்கு அதைவிட ருசியான கேள்வி வேறு. நடந்ததைப் பாட்டாக்கிய பிறகு அதில் யார் கை வைத்தார்கள், எந்த இடத்தில் வைத்தார்கள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சில பாட்டுகளைப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் பட்டியல் போட இங்கே இடம் இல்லை.

முதலில் முத்துப்பட்டன் கதை. நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன் என்பதால் இதில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்துப்பட்டன் பிராமணப் பையன். அண்ணன்மாரோடு ஒத்துப்போகாமல் வீட்டை விட்டு வெளியேறி, மலைக்கு அந்தப்புறம் கொட்டாரக்கரை ராஜாவிடம் வேலைக்குச் சேர்கிறான். பல வருஷம் கழித்து, கல்யாணம் செய்து வைக்கிறோம் வா என்று அண்ணன்மார் தேடிவந்து கூப்பிடுகிறார்கள். திரும்பி வரும் வழியில், பொதிகை மலைக்காட்டில், இரண்டு பெண்கள் பாடுகிற குரல் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா. மாட்டுக்குக் காவல் இருக்கும் வாலப்பகடையின் மகள்கள். செருப்புத் தைக்கிற சாதி. பட்டன் குரலைக் கேட்டே மயங்கிப்போகிறான். பெண்கள் பயந்து ஓடிப்போய் அப்பனிடம் சொல்ல, வாலப்பகடை ஆயுதத்தோடு வந்து நிற்கிறான். பட்டன் அவனிடமே பெண் கேட்கிறான்.

வாலப்பகடை போடுகிற நிபந்தனைதான் கதையின் உயிர். பூணூலை அறுத்து எறிய வேண்டும், குடுமியை எடுக்க வேண்டும், எங்களைப் போல இருக்க வேண்டும், செருப்புத் தைத்துத் தெருவில் கொண்டுபோய் விற்றுக் காட்ட வேண்டும். அண்ணன்மார் அவனைப் பிடித்துக் கல்லால் கட்டிய அறைக்குள் அடைத்துப் பார்க்கிறார்கள். அவன் தப்பி வந்து சொன்னதெல்லாம் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்று இரவே மாட்டைக் கொள்ளையடிக்க ஒரு கூட்டம் வருகிறது. பட்டன் போய்ச் சண்டை போட்டு ஜெயிக்கிறான்; ஓடையில் ரத்தத்தைக் கழுவக் குனிந்தபோது ஒளிந்திருந்த ஒருவன் முதுகில் குத்துகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் தீப்பாய்கிறார்கள். சாமியாகிறார்கள்.

ஊர்க்கோயில் கொடை விழாவில் இதை வில்லுப்பாட்டாக எப்படிப் பாடுவார்கள் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மணிகள் கட்டிய பெரிய வில்லை மண்குடத்தோடு சேர்த்து நிறுத்தியிருப்பார்கள். நடுவில் உட்காரும் புலவர் இரண்டு வீசுகோலால் நாணைத் தட்டிக்கொண்டு பாடுவார். குடம் அடிப்பவர், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று இரண்டு பக்கமும் ஆட்கள். புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" இல்லாவிட்டால் கதை நகராது. கதாநாயகன் சாகிற இடம் வரும்போது வில்லின் வேகம் ஏறும். மேடைக்கு எதிரே சாமியாடிக்கு உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். செத்தவன் அவர்மேல் இறங்கி ஆடுவான். ஊர் கூடி உட்கார்ந்திருப்பதே அந்த நேரத்துக்காகத்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அந்த வருஷம் புதுப் புலவர். ஆரம்பிக்கும் முன்பு மேடையோரம் நின்றிருந்த பெரியவர் ஒருவர் குனிந்து புலவர் காதில் ஏதோ சொன்னார். புலவர் தலையாட்டிவிட்டுப் பாடத் தொடங்கினார். வாலப்பகடை காட்டுக்குப் போகிறான், அங்கே அனாதையாகக் கிடந்த இரண்டு பெண் குழந்தைகளைப் பார்க்கிறான், பிராமணத் தாய் ஒருத்தி பெற்றுப் போட்டுவிட்டுப் போன குழந்தைகள், இரக்கப்பட்டு எடுத்து வளர்க்கிறான் என்று ஒரு துண்டு வந்தது. என் பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி உலக்கையை நிறுத்திவிட்டு, "போன வருசம் இது கிடையாதே" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் மறுபடி இடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ரொம்ப காலம் கழித்து, பேராசிரியர் நா. வானமாமலை மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக 1971-இல் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைப் பற்றித் தெரிந்துகொண்டபோது அந்த இரவு ஞாபகத்துக்கு வந்தது. பெண்கள் பிராமணக் குழந்தைகள் என்ற பகுதி பிற்பாடு சேர்ந்தது, மேல்சாதிக்காரர்களைச் சமாதானப்படுத்தச் சேர்த்தது என்று அவர் எடுத்துச் சொன்னார். அந்தத் துண்டைச் சேர்த்தால் என்ன ஆகிறது பாருங்கள். பட்டன் பூணூலை அறுத்ததும் செருப்பு விற்றதும் தெரியாமல் செய்த வேலையாகிவிடுகிறது. முடிவில் பிராமணப் பையன் பிராமணப் பெண்களைத்தான் கட்டியிருக்கிறான்! யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கதையில் ஒரு வரியைக்கூட வெட்டாமல், முன்னால் ஒரு பத்து வரி ஒட்டியே அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். ஒட்டியவருக்கு வேலை தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதே ஒட்டு மதுரை வீரன் கதையிலும் இருக்கிறது. வீரன் காசி ராஜாவுக்குப் பிறந்தவன், ஆகாது என்று காட்டில் போட்டுவிட்டார்கள், செருப்புத் தைக்கிற சின்னான் எடுத்து வளர்த்தான். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் அவன் பிறப்பால் இளவரசன்தான். காட்டில் கிடந்த குழந்தை என்று ஒரு கதைப்பாட்டில் வந்தால் எனக்கு உடனே காது விடைத்துக்கொள்ளும்.

எல்லா ஒட்டும் இப்படி மோசமானதும் இல்லை. நந்தனார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கொடுமைக்கார வேதியர். "மாடு தின்னும் புலையா, உனக்கு மார்கழித் திருநாளா" என்று அதட்டுகிற ஆண்டை. சிதம்பரம் போக வேண்டுமானால் நாற்பது வேலி நிலத்தில் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்று அவர் சொல்ல, இறைவன் அருளால் ஒரே ராத்திரியில் அத்தனையும் விளைந்து நிற்பது. இந்த வேதியரைப் பெரியபுராணத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டார். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் ஆண்டையும் இல்லை, நாற்பது வேலியும் இல்லை. நந்தன் தானே தயங்குகிறான். தன் பிறப்பை நினைத்து, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போவேன் என்று தள்ளிப்போடுகிறான். அதனால்தான் அந்தப் பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதியபோதுதான் வேதியர் உள்ளே வந்தார். இதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. ஒரு மனுஷன் ஏன் "நாளைக்கு, நாளைக்கு" என்கிறான்? சேக்கிழார் மனசுக்குள் காரணத்தை வைத்தார். பாரதியார், தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவர், லீவு கொடுக்க மறுக்கும் முதலாளியாக அந்தக் காரணத்துக்கு ஒரு முகம் கொடுத்தார். கேட்ட ஜனங்களுக்கு அது உடனே புரிந்தது. அவரவருக்குத் தெரிந்த முகம்தானே. அதற்குப் பிறகு வேதியர் இல்லாமல் நந்தன் கதையைச் சொல்ல யாராலும் முடியவில்லை.

இதில் ஒரு துணைக்கதை உண்டு, உ.வே.சா. எழுதியிருக்கிறார். பாரதியார் தம் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் பாட்டு, கேட்டு மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போகிறார். பேச்சுத்தமிழும் இலக்கணப் பிசகும் கலந்த பாட்டுக்குப் பாயிரம் எழுதப் பிள்ளைக்கு மனசில்லை, நாள் கடத்துகிறார். ஒருநாள் பிள்ளை தூங்கி எழும்வரை பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தமக்குள் பாடிக்கொண்டிருக்க, உள்ளே இருந்து கேட்ட பிள்ளை உருகிப்போய் எழுதிக் கொடுத்தாராம். நந்தனைப் பற்றிப் பாடியவரும் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறார்.

அப்புறம் கலைவாணர் வந்தார். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ்.கே. நடத்தும் கிந்தனார் காலட்சேபம், நந்தன் கதையை வைத்தே செய்த குறும்பு. காலட்சேபத்தின் மெட்டும் பாவனையும் அப்படியே இருக்கும். நந்தனுக்குச் சிதம்பரம் என்றால் கிந்தனுக்குப் பட்டணம். தெய்வ தரிசனத்துக்குப் பதிலாகப் படிப்பு. போகிற வாகனம் ரயில், அதிலே எல்லாச் சாதியும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து போகிறார்கள் என்று கிண்டலும் கும்மாளமுமாகப் பாட்டு. சினிமாவுக்குள் வந்த முழுக்கதைப் பாட்டுகளில் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். நந்தன் தீயில் இறங்கி மறைய வேண்டியிருந்தது. கிந்தன் படித்து ஆளாகித் திரும்பி வருகிறான்.

இனி, இங்கிலீஷில் கொலைப் பாட்டுகள் நிறைய என்கிறீர்களே, அதற்கு நேர் பங்காளி நம்மிடம் கொலைச்சிந்து. அந்தக் காலத்தில் எங்காவது பரபரப்பான கொலை நடந்தால், ரயில் கவிழ்ந்தால், வெள்ளம் ஊரை அடித்துப்போனால், சில நாளில் எட்டுப் பக்கத்தில் மட்டமான காகிதத்தில் சிந்துப் புத்தகம் வந்துவிடும். சென்னையில் குஜிலிக் கடைத்தெரு இதற்குப் பேர்போனது. சந்தையில், ரயிலில், பஸ் ஸ்டாண்டில் பாடிக்கொண்டே விற்பார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்த வகை எழுத்துக்கு 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயர் வைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பத்திரிகை படிக்கத் தெரியாதவனுக்கு இதுதான் செய்தி. கடைசியில், பெண்களே பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்கிற மாதிரி ஒரு புத்திமதியும் இருக்கும். கொலை செய்தவன் ஆணாக இருந்தாலும் புத்திமதி பெண்களுக்குத்தான், அது என்ன கணக்கோ!

அமெரிக்காவில் இந்த வகைக்கு உதாரணம் வேண்டுமென்றால் 'ஸ்டாக்கர் லீ'. செயின்ட் லூயி நகரம், 1895 கிறிஸ்துமஸ் ராத்திரி. ஒரு சாராயக் கடையில் லீ ஷெல்டன், பில்லி லயன்ஸ் என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு தடிக்கிறது. லயன்ஸ் ஷெல்டனுடைய ஸ்டெட்சன் தொப்பியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான். ஷெல்டன் அவனைச் சுட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறான். சிறைக்குப் போனான், 1909-இல் மன்னிப்பில் வந்தான், மறுபடி உள்ளே போய் 1912-இல் அங்கேயே செத்தான். நடந்தது இவ்வளவுதான். பாட்டு இதை விடவில்லை. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் பாடினார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர். பாடப் பாட சாதாரணச் சண்டை சூதாட்டச் சண்டையானது, குடிகாரன் சண்டியரானான், சண்டியர் நரகத்துக்குப் போய்ச் சாத்தானையே மிரட்டுகிறவன் ஆனான். நம்மூர் ஆளாக இருந்திருந்தால் இந்நேரம் ஒரு பீடம் எழுப்பி வருஷா வருஷம் கொடை கொடுத்திருப்போம்.

1959-இல் லாயிட் பிரைஸ் பாடிய வடிவம் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. டிவி நிகழ்ச்சி ஒன்றில் பாட வேண்டும். நடத்துனர் டிக் கிளார்க், கொலையெல்லாம் டிவியில் ஆகாது என்றார். வேறு வழியின்றி ஒரு மாற்று வடிவம் பதிவானது. அதில் இரண்டு பேரும் சண்டை போட்டுவிட்டு ராசியாகிவிடுகிறார்கள், யாரும் சாவதில்லை. கொலைச்சிந்தில் கொலையைக் கழற்றினால் மிச்சம் என்ன இருக்கும்? எங்கள் ஊரில் புலவர் காதில் குனிந்து சொன்ன பெரியவர் எனக்கு இங்கேயும் தெரிகிறார், டை கட்டிக்கொண்டு.

பாட்டை எழுதியவரே தன் பாட்டில் கை வைத்ததும் நடந்திருக்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1975 நவம்பர் 10-ஆம் தேதி, இரும்புத் தாது ஏற்றிப்போன 'எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட்' என்ற கப்பல் சுப்பீரியர் ஏரியில் புயலில் மூழ்கியது. ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைக்க வேண்டாம், கடல் மாதிரி. கப்பலின் நீளமே 729 அடி. இருந்த 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கனடா நாட்டுப் பாடகர் கார்டன் லைட்ஃபுட் ஒரு பத்திரிகைச் செய்தியைப் படித்துவிட்டு எழுதிய பாட்டு அடுத்த வருஷம் வெளியாகி அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. ஆறரை நிமிஷப் பாட்டு, பல்லவி என்று ஒன்று கிடையாது, ஒரே மெட்டு அலை மாதிரி திரும்பத் திரும்ப வரும். சிந்து பாடுகிறவருக்குப் பழக்கமான முறைதான்.

அதில் ஓரிடத்தில், மாலை ஏழு மணிக்குச் சரக்கறையின் மூடி உடைந்து தண்ணீர் உள்ளே புகுந்ததாக ஒரு வரி. மூடியைச் சரியாகப் பூட்டினார்களா இல்லையா என்பது விசாரணையில் பெரிய பேச்சாக இருந்த விஷயம். அந்த வேலை பார்த்தவர்களின் வீட்டார் இந்த வரியை எத்தனை தடவை ரேடியோவில் கேட்டிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். 2010 வாக்கில் ஒரு ஆவணப்படம், மாலுமிகள் மேல் தவறில்லை என்று எடுத்துக் காட்டியது. லைட்ஃபுட் அதற்குப் பிறகு மேடைகளில் அந்த வரியை மாற்றிவிட்டார்: ஏழு மணிக்கு இருட்டியது. அவ்வளவுதான். கதையின் போக்கில் ஒன்றும் குறையவில்லை. சில குடும்பங்களின் தலையிலிருந்து ஒரு பழி இறங்கியது. 2023-இல் லைட்ஃபுட் இறந்தபோது டெட்ராய்ட் நகரின் மாலுமிகள் தேவாலயத்தில் 30 தடவை மணி அடித்தார்கள். 29 அவர்களுக்கு, ஒன்று இவருக்கு.

அடுத்தது, கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்த கதை. பாபி ஜென்ட்ரி 1967-இல் பாடிய 'ஓட் டு பில்லி ஜோ'. மிசிசிப்பியில் ஒரு விவசாயக் குடும்பம், ஜூன் 3-ஆம் தேதி, வயலில் வேலை முடிந்து மத்தியானச் சாப்பாடு. பில்லி ஜோ என்ற பையன் தல்லஹாச்சி பாலத்திலிருந்து குதித்துவிட்டான் என்று அம்மா சொல்கிறாள். அப்பா, அவனுக்கு என்றைக்குமே புத்தி கிடையாது என்கிறார், அதே மூச்சில் பிஸ்கட்டை இந்தப் பக்கம் தள்ளு என்கிறார். இன்னும் அஞ்சு ஏக்கர் உழ வேண்டும் என்கிறார். அண்ணன், சின்ன வயசில் பில்லி ஜோவோடு சேர்ந்து தங்கை முதுகில் தவளையைப் போட்டதை ஞாபகப்படுத்துகிறான். சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு இனிப்பு கேட்கிறான். அம்மா, உனக்கு என்ன ஆச்சு, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே என்று மகளைக் கேட்கிறாள். பிறகு போகிறபோக்கில் ஒரு சேதி: பாதிரியார் வந்தார், பில்லி ஜோவும் உன்னை மாதிரியே ஒரு பெண்ணும் பாலத்திலிருந்து எதையோ தண்ணீரில் போட்டதைப் பார்த்தாராம்.

பாடுகிறவள் அந்தப் பெண்தான். தன் மனசில் என்ன என்று ஒரு வரி சொல்லமாட்டாள். எதைப் போட்டார்கள்? ஏன் குதித்தான்? பாட்டு சொல்லாது. அமெரிக்கா முழுக்க இதைப் பற்றித்தான் பேச்சு. ஜென்ட்ரியோ, பாட்டின் விஷயம் அதுவே இல்லை, சாப்பாட்டு மேசையில் எல்லோரும் தெரியாமலே காட்டும் கொடுமைதான் விஷயம் என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. 1976-இல் சினிமா எடுத்தார்கள், இதுதான் காரணம் என்று ஒன்றையும் சொல்லிவிட்டார்கள். பாட்டை ஆயிரம் தடவை கேட்கலாம், படத்தை ஒரு தடவை பார்ப்பதே கஷ்டம். அந்தக் காரணத்தை நான் இங்கே சொல்லப்போவதில்லை. பாட்டை முதலில் கேளுங்கள்.

சாப்பாடு என்றதும் எனக்கு நல்லதங்காள் வந்துவிடுகிறாள். மானாமதுரையில் பஞ்சம். ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு, பொங்கித் தின்னு என்று எதைக் கொடுக்கிறாள்? வருஷக்கணக்கில் கிடந்து மக்கிய கேழ்வரகு, ஓட்டைச் சட்டி, பச்சை விறகு. இந்த மூன்று சாமானும்தான் பாட்டு. அலங்காரி எவ்வளவு கெட்டவள் என்று பத்துப் பாட்டு பாடியிருக்கலாம். பச்சை விறகு போதும். அடுப்பு ஊதிக் கண் எரிந்த எந்தப் பெண்ணுக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அப்பா கேட்கிற பிஸ்கட்டும் இந்த விறகும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது, கிணற்றையும் காட்டுவார்கள். இந்த முடிவைத் தாங்க முடியாமல் பரமசிவன் பார்வதியைக் கூட்டிவந்து எல்லோரையும் எழுப்புவதாகச் சொல்லும் வடிவங்களும் உண்டு. ஆனால் யாராவது பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தால் ஊரில் "நல்லதங்கா மாதிரி" என்றுதான் சொல்கிறார்களே தவிர, பரமசிவன் வந்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இந்த ஒட்டை ஜனங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, சினிமாப் பாட்டு ஒன்றாவது சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். 1964-இல் வந்த 'கர்ண'னில் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் சீர்காழி பாடிய "உள்ளத்தில் நல்ல உள்ளம்". கர்ணன் அம்பு பாய்ந்து கிடக்கிறான், கண்ணன் வந்து பாடுகிறான். தாய்க்கு மகனாக முடியாமல், தம்பிக்கு அண்ணனாக முடியாமல், சோறு போட்டவனுக்காகச் சேராத இடம் சேர்ந்து விழுந்த கதை சில வரிகளில் முடிகிறது. மகாபாரதம் தெரியாதவனுக்குக்கூட ஒரு மனுஷனின் மொத்த வாழ்க்கை கிடைத்துவிடும். ஆனால் என்னை நிறுத்தி வைப்பது "வஞ்சகன் கண்ணனடா" என்ற சொல். பாடுகிறவனே கண்ணன்! கொலை செய்ய வைத்தவன் பிணத்தருகே வந்து ஒப்பாரி வைத்து, நான்தான் என்று ஒப்புக்கொள்கிறான்.

இது எங்கிருந்து வந்தது? வியாசரின் கண்ணனுக்கு இப்படி ஒரு குற்றவுணர்வு கிடையாது. நம் ஊர்ப் பாரதத்தில் கதை ஏற்கனவே கர்ணன் பக்கம் சாய்ந்துவிட்டது. வில்லிபுத்தூராரில், கண்ணன் வேதியன் வேஷத்தில் வந்து, சாகக் கிடப்பவனிடம் அவன் செய்த புண்ணியத்தை எல்லாம் தானமாகக் கேட்கிறான். கர்ணன் தண்ணீருக்குப் பதில் தன் ரத்தத்தையே தாரை வார்த்துக் கொடுக்கிறான். படத்திலும் அது உண்டு. கேட்கிற ஜனத்துக்குக் கர்ணனைத்தான் பிடிக்கும் என்று தெரிந்து, பல நூற்றாண்டாக யார் யாரோ கை வைத்து நகர்த்திக்கொண்டே வந்த கதையை கண்ணதாசன் கடைசியாக ஒரு தள்ளு தள்ளினார்.

புதுசில் ஒன்று வேண்டுமென்றால் 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. வரிசையாகச் சொல்லும் கதை அதில் கிடையாது, துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஆனால் அதை எழுதிப் பாடிய அறிவு என்ற பாடகர் அதில் வைத்திருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை. தோட்டம் போட்டு வளர்த்தவளுக்குத் தொண்டை நனையாத கதை. முதல் தடவை ஆடுவதற்காகக் கேட்பீர்கள், இரண்டாவது தடவை அந்தத் தோட்டம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.

முத்துப்பட்டனைப் பாதியில் விட்டுவிட்டேன். அவனை நேரில் பார்க்க வேண்டுமானால் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் வழியாக மலையேறிக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போங்கள். புலிகள் சரணாலயத்துக்கு உள்ளே, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. கூட்டம் தாங்காது. அய்யனாரைப் பார்த்துவிட்டுப் பட்டவராயன் (அங்கே முத்துப்பட்டனுக்கு அதுதான் பெயர்) சன்னதிக்கு வந்தால் பொம்மக்கா, திம்மக்காவோடு அவன் நிற்பான். நேர்ந்துகொண்டவர்கள் அவனுக்குக் காணிக்கையாகச் செருப்பு கொண்டுவந்து கட்டியிருப்பார்கள், பெரிய பெரிய தோல் செருப்புகள். ராத்திரியில் பட்டன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவான் என்று நம்பிக்கை. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருமுறை, முந்தின வருஷம் கட்டிய புதுச்செருப்பை எங்கள் ஆச்சி கையில் எடுத்துத் திருப்பி, அடியில் தேய்ந்திருப்பதையும் மண் ஒட்டியிருப்பதையும் எனக்குக் காட்டினாள். அந்த வருஷக் கொடையில் புலவர் எந்தப் பாடத்தைப் பாடினார் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.